நாகப்பட்டினமும் பக்கத்துக் கடற்கரையும் ஒரே நாளில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெல்டாவில் குடியிருப்பவர்களுக்கு லீவு நாள் வந்தால் ஒரு கூடுதல் வேலை உண்டு. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வரும் சொந்தக்காரர்களுக்கு ஊர் சுற்றிக் காட்ட வேண்டும். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலும் கும்பகோணமும் முடிந்த மறுநாள் காலையில் "கடல் பக்கம் ஒரு நாள் போய்ட்டு வரலாமே" என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். அப்புறம் வரும் கேள்விகள் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

நாகூர், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, பூம்புகார், கோடியக்கரை எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா?

முடியாது. பூம்புகாரிலிருந்து கோடியக்கரை வரைக்கும் கரையோரமாகவே நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும், நாகை அதற்கு நடுவில் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஓடினால் அன்றைக்குப் பார்த்தது வேன் ஜன்னலும் டோல்கேட்டும்தான் என்று ஆகிவிடும். காலையில் நாகை, அதற்குப் பிறகு வடக்கு அல்லது தெற்கு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வடக்கே போனால் நாகூர், காரைக்கால், தரங்கம்பாடி. தெற்கே போனால் வேளாங்கண்ணி, வேதாரண்யம், கோடியக்கரை. பழைய கட்டடங்களும் சரித்திரமும் பிடித்தவர்கள் வடக்கே போகட்டும், பறவை, மான், உப்பளம் என்று வெட்டவெளி தேடுபவர்கள் தெற்கே. மாதாவுக்கு நேர்த்திக்கடன் பாக்கி இருக்கிறது என்று பாட்டி சொன்னால் தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை, தெற்குதான்.

நாகையிலேயே என்ன இருக்கிறது? நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் பஸ் மாறுகிற ஊர்தானே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் வருகிறவர்களில் பெரும்பாலானோர் தாண்டிப் போய்விடும் ஊர் இது, இந்தக் கரையில் மற்ற எல்லாவற்றுக்கும் தலைவாசலே இதுதான்.

ராஜராஜ சோழன் காலத்தில், கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசன் மாற விஜயோத்துங்கவர்மன் இங்கே சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளியைக் கட்டினான். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை ராஜராஜன் எழுதிக் கொடுத்தான். அந்தச் செப்பேடு பின்னால் ஹாலந்து போய் லெய்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்றே பெயர் வாங்கிவிட்டது. சிவ பக்தனான ஒரு சோழ ராஜா, மலாய்க் கடல் பக்கத்து அரசன் கட்டிய புத்தப் பள்ளிக்கு நிலம் கொடுக்கிறான் என்றால் இந்தத் துறைமுகத்தில் வியாபாரம் எப்படி நடந்திருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பௌத்த கட்டடங்களின் மிச்சமாக மூன்று நிலைச் செங்கல் கோபுரம் ஒன்று, கப்பல்காரர்களுக்கு அடையாளமாக, 19ஆம் நூற்றாண்டு வரைக்கும் நின்றது. 1867இல் அதை இடித்துவிட்டார்கள். அந்த வட்டாரத்தில் மண்ணுக்கடியில் கிடைத்த நூற்றுக்கணக்கான புத்த வெண்கலச் சிலைகளில் பலவற்றை எழும்பூர் மியூசியத்தில் பார்க்கலாம். ஆகவே நாகையில் போய் "விகாரம் எங்கே" என்று ஆட்டோக்காரரிடம் கேட்காதீர்கள், பாவம், அவர் என்ன செய்வார்.

இருப்பதைச் சொல்கிறேன். காயாரோகணசுவாமி கோயில், அதில் நீலாயதாட்சி அம்மன். தியாகராஜர் எழுந்தருளியிருக்கும் சப்தவிடங்கத் தலங்கள் ஏழில் ஒன்று, ஆடிப்பூரம் இங்கே பெரிய திருவிழா. அப்புறம் திருமங்கையாழ்வார் பாடிய சௌந்தரராஜப் பெருமாள் கோயில். டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து 1658இல் ஊரைப் பிடித்து, 1690இல் பழவேற்காட்டிலிருந்து சோழமண்டலக் கரைத் தலைமையிடத்தையே இங்கே மாற்றினார்கள். 1781இல் ஆங்கிலேயர் பிடுங்கிக்கொண்டார்கள். டச்சுக் கோட்டையைத் தேடினால் கிடைக்காது, ஆனால் அவர்கள் கட்டிய பீட்டர் தேவாலயம் இருக்கிறது. இவ்வளவையும் நிதானமாகப் பார்க்க ஒரு காலை போதும், ஆனால் அந்த ஒரு காலையைக் கொடுக்க வேண்டும்.

துறைமுகத்தில் பெரிய கப்பல் பார்க்கலாமா? குழந்தைகள் கேட்கிறார்கள்.

பெரும்பாலும் ஏமாற்றம்தான். கடுவையாறு கடலில் சேரும் இடத்தில் இருக்கும் ஆழமில்லாத துறைமுகம் இது, தூத்துக்குடி மாதிரி கப்பல் வரிசையாக நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அந்தக் காலத்திலேயே பெரிய கப்பல்கள் கரைக்கு வராமல் வெளியில் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், ஆட்களும் சரக்கும் படகில் போய்ச் சேரும். பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன 'ரஜுலா' கப்பலில் ஏறியவர்களும் அப்படித்தான் ஏறினார்கள். அது 1970களின் தொடக்கத்தில் நின்றுபோய் 'சிதம்பரம்' கப்பல் வந்தது, 1985இல் அதில் தீ விபத்து நடந்த பிறகு அந்த வழியே முடிந்தது. உங்கள் வீட்டில் சிங்கப்பூர் மாமா என்று ஒருவர் இருந்திருந்தால் அவர் ஏறிய இடம் இதுவாகவும் இருக்கலாம், பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

மீன்பிடித் துறைமுகத்துக்குள் போகலாமா? எப்போது போனால் நன்றாக இருக்கும்?

விடியற்காலையில் போங்கள். படகுகள் வந்து மீன் இறக்கி ஏலம் நடக்கும் நேரம் அதுதான், வெயில் ஏறிவிட்டால் ஈரத் தரையும் காலி ஐஸ் பெட்டியும்தான் மிச்சம். வஞ்சிரம், சங்கரா, வவ்வால், கணவாய், நண்டு, இறால் என்று குவித்துப் போட்டிருப்பார்கள். ஏலம் கூவுகிற வேகம் வெளியூர்க்காரருக்குப் புரியாது, புரியவும் தேவையில்லை. ஓரமாக நின்று பாருங்கள். கூடை தூக்குகிறவர்களுக்கு வழி விடுங்கள், அவர்கள் நின்று உங்களுக்காகச் சுற்றிப் போக மாட்டார்கள். வெள்ளைப் பேன்ட், பட்டுப்புடவை வேண்டாம். முகத்துக்கு நேரே செல்போனை நீட்டிப் படம் எடுப்பதும் வேண்டாம், கேட்டுவிட்டு எடுத்தால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதம் விசைப்படகெல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கும், பெயின்ட் அடிப்பதும் வலை பின்னுவதும்தான் நடக்கும். பைபர் படகுக்காரர்கள் கொண்டுவரும் மீன் மட்டும் கிடைக்கும், விலையும் அதற்கேற்றபடி.

இன்னொன்று. 2004 டிசம்பர் 26 சுனாமியில் பழைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் எல்லாம் இந்தத் துறைமுகத்தை ஒட்டிய ஊர்கள்தான். பேச்சுக் கொடுக்கிறேன் என்று "சுனாமி அப்போ எப்படி இருந்துச்சு" என்று முன்பின் தெரியாதவரிடம் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறுபத்துமூவரில் ஒருவரான அதிபத்த நாயனார் இந்த ஊர் மீனவர்தான். தினமும் வலையில் விழும் முதல் மீனைச் சிவனுக்கு என்று கடலிலேயே விட்டுவிடுவார், ஒரே ஒரு மீன் கிடைத்த நாளிலும், கடைசியில் பொன்மீன் கிடைத்த நாளிலும்கூட. ஆவணியில் அதைக் கடற்கரையிலேயே விழாவாக நடத்துகிறார்கள். அந்தச் சமயம் நீங்கள் ஊரில் இருந்தால் மற்றதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு அதற்குப் போங்கள்.

வடக்குப் பக்கம் போவதென்றால் எதை முதலில், எதை அப்புறம்?

கோயில்கள் மதியம் பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்தினால் நான்கு மணிக்கு மேல்தான் திறக்கும். இதை வைத்துத்தான் நாளையே போட வேண்டும். விடியலில் மீன்பிடித் துறைமுகம், டிபன், நீலாயதாட்சி அம்மன் கோயில், பத்து மணிக்குள் நாகூர், பகல் வெயிலில் தரங்கம்பாடி, திரும்பும்போது காரைக்கால். கார் இல்லாவிட்டாலும் பிரச்சினை இல்லை, நாகையிலிருந்து நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் டவுன் பஸ் அடிக்கடி உண்டு, தரங்கம்பாடிக்குக் காரைக்கால் போய் மாறிக்கொள்ளலாம். தரங்கம்பாடிக் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு, எந்த நாள் என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

சென்னையிலிருந்து நேராக வருகிறவர்களுக்குக் கம்பன் எக்ஸ்பிரஸ் வசதி, ராத்திரி ஏறினால் காலையில் நாகை.

நாகூர் தர்காவுக்கு முஸ்லிம் அல்லாதவர்கள் போகலாமா?

தாராளமாக. வருகிறவர்களில் பாதிப்பேர் இந்துக்கள்தானோ என்று தோன்றும். மொட்டை போடுகிறவர்களையும், நேர்ந்துகொண்டு வெள்ளித் தகடு செலுத்துகிறவர்களையும் பார்ப்பீர்கள். இங்கே அடங்கியிருக்கும் ஷாகுல் ஹமீது ஆண்டவர் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி, அதைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். தலையை மூடிக்கொள்ளுங்கள், கைக்குட்டை போதும். "இங்க வாங்க, துவா ஓதுறேன்" என்று கூப்பிடுகிறவர்களிடம் எவ்வளவு கொடுப்பது என்பது உங்கள் விருப்பம்தான், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லி நகரலாம். எல்லாப் பெரிய தலங்களிலும் நடப்பதுதான் இது.

தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரி சமயத்தில் சந்தனக்கூடு நாகையிலிருந்து நாகூருக்கு ஊர்வலமாகப் போகும், அன்றைக்கு ரோடு முழுக்க ஜனம். கூட்டம் பிடித்தவர்கள் அன்றே வாருங்கள், மற்றவர்கள் தேதி பார்த்துத் தவிர்த்துவிடுங்கள். இந்த தர்காவின் பெயரிலேயே சிங்கப்பூரிலும் பினாங்கிலும் நினைவிடங்கள் உண்டு, கப்பலேறிப் போன நம் ஊர்க்காரர்கள் போன இடத்தில் கட்டியவை.

காரைக்காலில் இறங்க வேண்டுமா?

நேரம் இருந்தால் காரைக்கால் அம்மையார் கோயில். ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா, மாடியிலிருந்து மாம்பழம் வீசுவார்கள், பிடிக்கக் கூட்டம் அடித்துக்கொள்ளும். அரசலாறு கடலில் சேரும் இடத்துக் கடற்கரையும் சுத்தமாக, மாலையில் நடக்க வசதியாக இருக்கும். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது என்பதால் பாட்டில் வாங்கி டிக்கியில் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் வரலாம் என்று மச்சான் யாராவது யோசனை சொல்வார். செக்போஸ்ட் இருக்கிறது. ஒரு நாள் பயணத்தை போலீஸ் ஸ்டேஷனில் முடிக்க வேண்டாம்.

தரங்கம்பாடியில் ஓசோன் காற்று வீசுகிறதாமே, உடம்புக்கு நல்லதா?

யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை, எல்லா டூர் விளம்பரத்திலும் இது இருக்கிறது. ஓசோன் மேலே வானத்தில் இருந்தால்தான் நல்லது, தரை மட்டத்தில் சுவாசித்தால் நுரையீரலுக்குக் கெடுதல். கடற்கரையில் நீங்கள் முகர்வது கடல்பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்து உண்டாக்கும் வாசனை. சுகமான காற்றுதான், அதற்கு மேல் மருத்துவம் ஒன்றும் இல்லை.

அந்த விளம்பரம் இல்லாமலேயே போக வேண்டிய ஊர் அது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை இன்னும் கடலைப் பார்த்து நிற்கிறது. 1706இல் வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். தாள் பற்றாக்குறையைச் சமாளிக்கப் பக்கத்துப் பொறையாரிலேயே காகித ஆலை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அவர் 1718இல் கட்டிய புது எருசலேம் ஆலயத்திலேயே அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள், அதற்கு எதிரே 1701இன் சீயோன் ஆலயம். ராஜ வீதியில் நிழலாக நடந்து போனால் எல்லாம் வரிசையாக வரும். கோட்டைக்கு வடக்கே கடல் ஓரத்தில் மாசிலாமணிநாதர் கோயில், 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அந்தக் கரையில் கொட்டியிருக்கும் கருங்கற்கள் மேல் ஏறி செல்பி எடுக்காதீர்கள், வழுக்கும். டேனிஷ்காரர்கள் 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள், அதனால்தானோ என்னவோ ஊர் பெரிதாக வளராமல் தப்பித்தது.

தெற்குப் பக்கம் எப்படி?

வேளாங்கண்ணி நாகையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பேராலயத்தைப் பார்ப்பதோடு நிற்காமல் மாதா குளம் வரை நடந்து போங்கள், காணிக்கைப் பொருட்கள் வைத்திருக்கும் அருங்காட்சியகத்தையும் பாருங்கள். மக்கள் எதற்கெல்லாம் நேர்ந்துகொள்கிறார்கள் என்று அங்கே தெரியும், வீடு, தொட்டில், ஸ்டெதஸ்கோப் வரைக்கும். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா. நடந்தே வருகிறவர்களின் காவி உடைக் கூட்டம் அந்த நாட்களில் ரோடு நெடுக இருக்கும், காரில் போகிறவர்கள் மெதுவாக ஓட்டுங்கள்.

அங்கிருந்து வேதாரண்யம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலாகும். அப்பரும் சம்பந்தரும் பாடிக் கதவைத் திறக்கவும் மூடவும் செய்த கோயில், "வேதாரண்யம் விளக்கழகு" என்பார்களே, அதுதான். ஊரைத் தாண்டினால் அகஸ்தியம்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத் தூண். திருச்சியிலிருந்து நடந்து வந்த ராஜாஜி 1930 ஏப்ரல் 30 அன்று இந்தக் கரையில்தான் உப்பு எடுத்துக் கைதானார். இன்றைக்கும் இரண்டு பக்கமும் உப்பளம்தான், கோடையில் போனால் கண் கூசும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பக்கம்தான் கரை ஏறியது, தென்னையும் மாவும் சாய்ந்ததன் அடையாளம் சில இடங்களில் இன்னும் தெரியும்.

கோடியக்கரை சரணாலயத்தில் வெளிமான் நிச்சயம் கண்ணில் படும், காலையிலோ வெயில் தாழ்ந்தோ போனால் கூட்டமாகவே. பூநாரை பார்க்க நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போக வேண்டும், பைனாகுலர் இல்லாமல் போனால் தூரத்தில் வெளிர்சிவப்பாக ஒரு கோடுதான் தெரியும். குரங்குகள் கையில் இருக்கும் பையைப் பிடுங்கும். கடைகள் குறைவு, தண்ணீரும் சாப்பாடும் வேதாரண்யத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

பூம்புகாரை ஏன் விட்டுவிட்டீர்கள்?

மயிலாடுதுறையிலிருந்து போவதுதான் சுலபம், அதற்கென்று ஒரு அரை நாள் வையுங்கள். சிலப்பதிகாரக் கலைக்கூடமும் காவிரி கடலில் கலக்கும் இடமும் அவசரத்தில் பார்க்கக் கூடியவை அல்ல.

கடலில் குளிக்கலாமா?

கால் நனைக்கலாம். ஆற்று முகத்துவாரம் இருக்கும் இடங்களில், அதாவது இங்கே அநேகமாக எல்லா ஊரிலும், அடியில் இழுப்பு இருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. வேளாங்கண்ணியில் வெளியூர்க்காரர்கள் மூழ்கிய செய்தி பேப்பரில் வந்துகொண்டேதான் இருக்கிறது. நீச்சல் தெரியும் என்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள், ஏனென்றால் கிணற்றிலும் வாய்க்காலிலும் கற்ற நீச்சல் இங்கே போதாது.

சாப்பாடு?

நாகையில் மீன் சாப்பாடு. நாகூர்ப் பக்கம் சாயங்காலம் வாடா கிடைக்கும், மேலே இறால் பதித்துப் பொரித்தது, சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும். வேளாங்கண்ணிக் கடற்கரைக் கடைகளில் மீனைக் கையால் காட்டி, விலை பேசி, அப்புறம் பொரிக்கச் சொல்லுங்கள், பொரித்த பிறகு பேசினால் அது பேச்சு இல்லை. எண்ணெய் கருப்பாக இருந்தால் அடுத்த கடை. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக 'கும்பகோணம் டிகிரி காபி' போர்டு தொங்குகிறது. கும்பகோணத்தில் குடித்தவர்கள் ஒப்பிடாமல் குடித்தால் வண்டி நகரும்.

எந்த மாதம் வரலாம்?

ஜனவரி, பிப்ரவரி. மழை ஓய்ந்திருக்கும், சம்பா அறுவடை நடக்கும், வழியெல்லாம் பார்க்க ஏதாவது இருக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வருவதென்றால் செய்தி கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். "நாகை துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்" என்று டிவியில் வருமே, ஒன்றாம் எண் என்றால் தூரத்தில் ஏதோ உருவாகியிருக்கிறது என்று பொருள், எண் ஏற ஏற ஆபத்து. பதினொன்று வரை இருக்கிறது. மூன்று, நான்கு என்று ஆரம்பித்தாலே பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். மே மாதம் பகலில் வெளியே நிற்க முடியாது, வியர்வை வேறு.

நாகையிலிருந்து இலங்கைக்குக் கப்பல் விடுகிறார்களே, அப்படியே போய்வரலாமா?

ஒரு நாள் பயணத்தில் ஆகாது. காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பலை 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கினார்கள், நடுவில் நின்று 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. போக ஏறக்குறைய நான்கு மணி நேரம். பாஸ்போர்ட் வேண்டும், அந்த நாட்டு அனுமதியும் வேண்டும். வடகிழக்குப் பருவமழை சமயத்தில் கடல் கொந்தளிப்பைப் பார்த்து நிறுத்திவைப்பார்கள். அது தனிப் பயணம், யாழ்ப்பாணத்தில் இரண்டு நாளாவது தங்குகிற மாதிரி போடுங்கள்.

கடலில் சூரிய அஸ்தமனம் பார்க்க எங்கே நிற்க வேண்டும்?

நாகையிலோ தரங்கம்பாடியிலோ நின்றால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம், வயல்காட்டில் இறங்கும். கிழக்குக் கரை, உதயம்தான் கடலில். பௌர்ணமி அன்று வந்தால் இருட்டுகிற நேரத்தில் நிலா கடலிலிருந்து எழுவதைப் பார்க்கலாம், நாகை புதிய கடற்கரையில் உட்கார இடம் நன்றாக இருக்கிறது.

திரும்பும்போது கருவாடு வாங்கலாமா?

வாங்காமல் போனால் வீட்டில் கேட்பார்கள். கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள், ஈரப்பதம் இருந்தால் வேண்டாம், இரண்டு நாளில் பூசணம் பிடிக்கும். மணல் ஒட்டாமல் காய்ந்ததாகப் பொறுக்குங்கள். பேப்பரில் சுற்றி, அதன் மேல் இரண்டு பாலித்தீன் பை, அதையும் மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். ஏசி பஸ்ஸில் வருகிறீர்கள் என்றால் வாங்காதீர்கள், கண்டக்டர் கண்டுபிடிப்பதற்கு முன்னால் பக்கத்து சீட்டுக்காரர் கண்டுபிடித்துவிடுவார்.